மாமியார் உட்கார்ந்த நாற்காலி

கழுதைக்கிணறு வட்டாரத்தில் லூவெல்லா எட்சிட்டியின் தண்ணீர் லாரி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். தார்ச்சாலையிலிருந்து செம்மண் பாதைக்குத் திரும்பும் இடத்தில் ஹாரனில் கையை வைத்தாளானால் பிறகு எடுப்பது அவள் இஷ்டம். ஆடுகள் சிதறும். நாய்கள் ஊளையிடும். அவளுடைய மருமகன் டெல்ரே கறிக்குழம்புக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் கிண்ணத்தோடு எழுந்து பின்கதவு வழியாக வெளியே போய்விடுவான்.

மாமியார் முகத்தை மருமகன் பார்க்கக் கூடாது, மருமகன் முகத்தை மாமியார் பார்க்கக் கூடாது. அமெரிக்கப் பழங்குடிகளில் நவஹோ என்று வெளியார் அழைக்கிற டினே மக்களின் பழைய மரியாதை அது. மீறினால் கண் மங்கும். அந்தக் காலத்து மாமியார்கள், மருமகன் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று காதில் சின்ன மணி கட்டிக்கொண்டு நடந்தார்கள். இன்றைக்கு ஊரில் பாதிப் பேர் அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு ஒரே மேசையில் உட்கார்ந்து பீட்சா தின்கிறார்கள். லூவெல்லா விடவில்லை. "எனக்கு மணி எதுக்கு? ஹாரன் இருக்கு" என்றாள்.

விடாத பிறவி அவள். ஆட்டுப்பட்டியில் பிறந்தவளை, பால்பல் விழுகிற வயதில் அரசாங்கப் பேருந்து வந்து தூர ஊர் விடுதிப் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போனது. அங்கே தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினால் வாயில் சோப்பு. லூவெல்லா ஒரு வார்த்தையோடு நிறுத்துகிற பிள்ளையா? அவள் தின்ற சோப்பில் ஒரு ஊரே துணி துவைத்திருக்கலாம். "அதனாலதான் என் மனசு இவ்வளவு வெளுப்பு" என்று பிற்காலத்தில் அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டாள். ஒரு குளிர்காலத்தில் வேலி ஏறிக் குதித்து, ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். அத்தோடு படிப்பு முடிந்தது. எழுத்து தெரியாதவள் என்று எவனாவது சொன்னால், அவள் பெயரை அவளுக்கு எழுதத் தெரியும். மூன்று லாரிகளிலும் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த மூன்று லாரியும் வானத்திலிருந்து விழவில்லை. தாய்மாமன் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த பிக்கப் வண்டியைத் தானே பிரித்து, தானே பூட்டி ஓடவைத்தாள். பின்னால் பீப்பாய்களைக் கட்டி, குழாய் போகாத வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். ஒரு புருஷன் வந்தான், ரொவீனா என்று ஒரு மகளைக் கொடுத்தான், காளைச் சவாரி பார்க்கப் போனவன் போனவன்தான். லூவெல்லா தேடவில்லை. அந்த வாரம் அவளுக்குத் தண்ணீர் நடை அதிகம்.

ரொவீனாவைக் கேட்டு டெல்ரே வந்தபோது அவன் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு முடித்தவன், கழுத்தில் டை கட்டியவன். லூவெல்லா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: பழைய மரியாதையைக் காக்க வேண்டும். படித்தவன் சிரிப்பான் என்றுதான் ஊர் நினைத்தது. அவன் சரி என்றான். சொன்னபடி நடந்தும் காட்டினான். முதல் பனி விழுவதற்குள் அவள் வாசலில் விறகு அடுக்கியிருக்கும். லாரியின் பெல்ட் தேய்ந்தால் மறுநாள் இருக்கையில் புது பெல்ட் இருக்கும். ஒரு நாளும் கண்ணெதிரே வந்ததில்லை. "மூஞ்சிய பாக்காமலே எனக்குப் புடிச்ச ஒரே ஆம்பள" என்று லூவெல்லா ஊர்க்கூட்டத்தில் அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவன் கழுதைக்கிணறு உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் ஆனபோது மூன்று நடை தண்ணீர் இனாம்.

வம்பு வந்தது அந்தப் பள்ளியிலிருந்துதான்.

காற்று மண்ணை வாரி இறைக்கிற வசந்த மாதம். பட்டமளிப்பு விழாவுக்குத் திடலின் புல் பச்சையாக இருக்க வேண்டும் என்று பள்ளி லூவெல்லாவின் லாரியைக் கூப்பிட்டது. ஓட்டி வந்த பையன் லாரியை நிறுத்திவிட்டு ரொட்டி தின்னப் போன நேரத்தில், பதினோராம் வகுப்பு ஷாண்டீன் என்கிற பெண் குழாயை இழுத்துக்கொண்டு போய்க் கூடைப்பந்து அரங்கத்தின் கதவுக்குள் விட்டு, வால்வை முழுக்கத் திறந்துவிட்டாள். யாரோ ஓடிவந்து மூடுவதற்குள் தொட்டி காலி. ஊரே நிதி திரட்டிப் போட்ட புது மரத்தரை, மறுநாள் வெயிலில் அப்பளமாக உப்பிக்கொண்டது.

இந்த மண்ணில் மழை பொய்த்தாலும் மக்கள் பொறுப்பார்கள். கூடைப்பந்து பொய்த்தால் பொறுக்க மாட்டார்கள். ஷாண்டீனுக்காக ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பள்ளி விதியில் இதற்குத் தண்டனை ஒன்றே ஒன்றுதான்: பள்ளியை விட்டு வெளியேற்றுவது, பிறகு போலீஸ். வியாழக்கிழமை விசாரணை. விதிப்படி விசாரிக்க வேண்டியவர் துணைத் தலைமையாசிரியர் டெல்ரே மட்டும்தான். அந்த வாரத்துக்குள் விசாரணை முடிய வேண்டும் என்பதும் விதி.

லூவெல்லா முதலில் கொதித்தாள். "என் தண்ணிய வச்சு என் ஊர் தரைய கெடுத்திருக்கா! அவ கையெ ஒடிக்கணும்!" புகாரில் கையெழுத்துப் போடத்தான் அவள் பள்ளி அலுவலகத்துக்கு வந்தாள். ஹாரன் கேட்டதும் டெல்ரே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அலுவலகப் பெண் மார்லிண்டா காகிதத்தைப் படித்துக் காட்டினாள்.

"வெளியேத்துறதுன்னா என்னடி அர்த்தம்?"

"இனிமே இந்த ஸ்கூலுக்குள்ள வரக்கூடாதும்மா. வேற ஸ்கூலும் சேத்துக்காது."

"அவளுக்கு வர இஷ்டமா, இல்லியா?"

"இஷ்டந்தான். நர்ஸ் படிக்கணும்னு சொல்லிட்டிருந்தா. இப்பவும் கேட்டுக்கு வெளிய நின்னுட்டிருக்கா பாருங்க."

லூவெல்லா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காற்றில் முடி முகத்தில் அடிக்க, புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பெண் கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். வேலிக்கு உள்ளே நின்று வெளியே பார்த்த காலம் லூவெல்லாவுக்கு மறந்துவிடவில்லை.

"ஓடிப்போறேன்னு சொன்னவளெ அன்னிக்கு வேலி போட்டு அடைச்சீங்க. இருக்கேன்னு சொல்றவளெ இன்னிக்கு வேலிக்கு வெளிய தள்றீங்க. உங்களுக்கு வேலியத் தவிர வேற எதுவும் தெரியாதா?"

பேனாவை மேசை மேல் போட்டாள். தலைமையாசிரியை மிஸஸ் பெல்டன் சத்தம் கேட்டு வெளியே வந்தார். வெளியூர்க்காரர், நல்ல மனுஷி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு விசில்.

"சமாதானம் பேசற பெரியவர், நாத்தாணியக் கூப்பிடுங்க" என்றாள் லூவெல்லா. "ரெண்டு பக்கத்து ஜனமும் ஒக்காந்து, நடந்ததப் பேசி, கெட்டத நேராக்கணும். எங்க வழி அதுதான்."

"நாங்களும் அதைத்தான் செய்யறோம் மேடம்," என்றார் மிஸஸ் பெல்டன் பெருமையோடு. "சமாதான வட்டம். ஃபீனிக்ஸ் போய் ரெண்டு நாள் பயிற்சி எடுத்துட்டு வந்திருக்கேன். ஆனா அது சின்னச் சின்ன சண்டைக்கு. இது பெரிய குத்தம்."

"எங்ககிட்ட இருந்து எடுத்துட்டுப் போயி, ஃபீனிக்ஸ்ல சலவை பண்ணி, எங்களுக்கே போத்துறீங்க. அதுவும் சின்னக் குளிருக்கு மட்டும்!" லூவெல்லா நடைவழிச் சுவரைக் காட்டினாள். 'நாம் எல்லோரும் உறவு' என்று டினே மொழியில் பெரிய எழுத்தில் வரைந்திருந்தது. "அத வெள்ளையடிச்சு அழிங்க மொதல்ல. அப்புறமா வெளியேத்துங்க."

"விதி விதிதான் மேடம். வியாழக்கிழமை விசாரணை நடக்கும். விருப்பம் இருந்தா நீங்க வரலாம். பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை உண்டு."

லூவெல்லா வாசல் வரை போனவள் திரும்பினாள். "எங்க வேணா வரலாமா?"

"விசாரணை எங்க நடந்தாலும்."

அந்த அம்மாளுக்குத் தான் என்ன கொடுத்தோம் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை லூவெல்லா லாரியை மேட்டுக்குப் பின்னாலேயே நிறுத்தினாள். ஹாரன் அடிக்கவில்லை. வெல்வெட் சட்டை, வெள்ளி இடுப்புப் பட்டை, அத்தனை நீலக்கல்லும் போட்டுக்கொண்டு மண்ணில் நடந்து வந்து, விசாரணை அறையில் கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஷாண்டீனும் அவளுடைய தாய்மாமன் ஹார்லனும் ஓரமாக இருந்தார்கள். ஹார்லன் கூரை வேய்கிறவன். அதிகம் பேசாத மனிதன். டினே வீட்டில் பிள்ளைக்காக நின்று பேச வேண்டியவன் தாய்மாமன்தான் என்பதால் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு வந்திருந்தான்.

கோப்போடு உள்ளே வந்தான் டெல்ரே. வெல்வெட் பாவாடையின் விளிம்பு கண்ணில் பட்டதோ இல்லையோ, சுழன்று திரும்பினான். கதவு நிலையில் நெற்றி இடித்தது. காகிதமெல்லாம் நடைவழியில் பறந்தது.

"மார்லிண்டா!" வெளியிலிருந்து குரல் வந்தது. "உள்ள இருக்கறது யாரு?"

"உங்க மாமியார் சார்."

"ஹாரன் அடிக்கலியே!"

"நடந்து வந்தாங்களாம் சார்."

லூவெல்லா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்த ஆளுகிட்ட சொல்லு, உள்ள வந்து தாராளமா விசாரிக்கட்டும். நான் வேணாம்னா சொன்னேன்? கண்ணு போனா கண்ணாடி வாங்கிக்கட்டும்."

விசாரணையை நூலகத்துக்கு மாற்றினார் மிஸஸ் பெல்டன். லூவெல்லா நூலகத்துக்கு நடந்தாள். இசை அறைக்கு மாற்றினார். அங்கே பெரிய முரசுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கணினித் திரையில் பார்த்துப் பேசலாம் என்றார். "திரையில என் மூஞ்சி தெரியாம உங்க அப்பத்தா மூஞ்சியா தெரியும்?" என்று கேட்டாள். கடைசியில் காவலாளி வில்மரைக் கூப்பிட்டார்கள். ஆறடிக்கு மேல் உயரம், தேக்குக் கதவு மாதிரி உடம்பு. வந்து லூவெல்லாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"மேடம், இவங்களும் எங்கம்மாவும் ஒரே குலம். எனக்கு அம்மா முறை. பெத்தவளெத் தூக்கி வெளிய போடச் சொல்றீங்களா?"

"சாப்பிட்டியாடா?" என்றாள் லூவெல்லா.

"இன்னும் இல்லம்மா."

"லாரியில ஆட்டுக்கறி ரொட்டி இருக்கு. எடுத்துக்க."

மதியமானது. மாணவர்கள் ஜன்னலில் குவிந்தார்கள். டெல்ரே நடைவழியில் சுவரைப் பார்த்து நின்றபடி, நெற்றியில் ஐஸ் பையோடு, கடைசியாகக் கேட்டான்:

"மார்லிண்டா, அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?"

"ஹோகன்ல பேசணும்னு சொல்லு" என்றாள் லூவெல்லா உள்ளேயிருந்து.

"ஹோகன்ல பேசணுமாம் சார்."

பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒரு ஹோகன் இருந்தது. எண்கோண மரவீடு, கிழக்குப் பார்த்த வாசல், எல்லாம் முறைப்படி கட்டியது. விருந்தினர் வந்தால் படம் எடுத்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் உடைந்த நாற்காலிகள் அதில் குடியிருந்தன.

டெல்ரே ஐஸ் பையை நெற்றியிலிருந்து எடுத்தான். பிறகு, "நாற்காலிகளெ வெளிய எடுத்துப் போடச் சொல்லு" என்றான்.

மறுநாள் நாத்தாணி ஹோஸ்கி டோஹானி வந்தார். சமாதானம் பேசுவதில் பழுத்தவர். ஹோகனுக்கு நடுவே உத்தரத்திலிருந்து ஒரு கம்பளியைத் தொங்கவிடச் சொன்னார். கம்பளிக்குத் தெற்கே லூவெல்லாவும் ஷாண்டீனும் ஹார்லனும்; வடக்கே டெல்ரே. மிஸஸ் பெல்டன் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் இடமாகச் சுற்றப் பார்த்தார். "வலமா வாங்கம்மா, சூரியன் போற மாதிரி" என்று ஹோஸ்கி கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

பிறகு ஹோஸ்கி காபி கேட்டார். குடித்தார். இன்னொன்று கேட்டார். மிஸஸ் பெல்டன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொறந்த குலம் சொல்லுங்க" என்றார் ஹோஸ்கி. "யாரு யாருக்கு என்ன முறைன்னு தெரியாம எப்படிச் சண்டை போடறது?"

ஷாண்டீன் தரையைப் பார்த்தபடி தாயின் குலத்தைச் சொன்னாள்: "உப்புக் குலம்." கம்பளிக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. டெல்ரேயும் உப்புக் குலம். அவளை வெளியேற்றக் கோப்பு தயாரித்தவனுக்கு அவள் தங்கை முறை. கோப்பில் பெயர் இருந்தது, வகுப்பு இருந்தது, குற்றம் இருந்தது. குலத்தை யாரும் கேட்டிருக்கவில்லை.

"சொல்லு தங்கச்சி" என்றான் டெல்ரே, கம்பளிக்குப் பின்னாலிருந்து. "ஏன் செஞ்ச?"

அவள் அழவில்லை. "பனி கரைஞ்சதுலேருந்து எங்க மேட்டுக்குத் தண்ணி வரல. மாட்டுக்குன்னு காத்தாடி எறைக்கற கிணத்துல மாமாவும் நானும் மொண்டு குடிச்சோம். குட்டித் தம்பிக்கு வயித்துப்போக்கு. அன்னிக்கு ஸ்கூலுக்கு வந்தா, புல்லு குடிச்சிட்டிருக்கு. ஒரு லாரித் தண்ணியெ புல்லு குடிச்சிட்டிருக்கு."

"புல்லுக்கு ஊத்துன தண்ணியெ தரையில ஏன் விட்ட?"

"எல்லாருக்கும் புடிச்சது அதுதான். அது கெட்டாத்தான் திரும்பிப் பாப்பீங்க."

லூவெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்லாதடி! என் லாரி போகாத பாதை இந்த மண்ணுல கெடையாது!"

"எங்க பாதை ஒண்ணு இருக்கும்மா" என்றாள் ஷாண்டீன்.

ஹார்லன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "சேறுன்னு சொல்லி உங்க டிரைவர் பாதி வழியிலயே திரும்பிட்டான். மூணு தடவை கேட்டேன். நான் உங்ககிட்ட நேரா வந்திருக்கணும். வெக்கமா இருந்துச்சு."

லூவெல்லா வாயைத் திறந்தாள், மூடினாள். இதற்கே ஊர் அதிசயப்பட்டிருக்கும். ஆனால் அதோடு முடியவில்லை.

"எனக்கும் ஒரு கேடு நடந்திருக்கு" என்றது கம்பளிக்குப் பின்னால் இருந்த குரல். "நாத்தாணிகிட்ட சொல்றேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த அம்மா முகத்தெ நான் பாத்ததில்ல. கூட வேலை செய்யறவங்க சிரிச்சாங்க. என் பிள்ளைங்க பிறந்த நாளுக்குக் கொல்லைப்புறத்துல நின்னு கேக் தின்னேன். அதெ நான் மரியாதைன்னு நெனச்சேன். நேத்து அவங்க ஹாரன் அடிக்காம வந்தாங்க. மரியாதையெ எலிப்பொறியாக்கி அதுல என்னெ மாட்ட வச்சாங்க. கேட்டிருந்தா நானே ஹோகனெத் தெறந்திருப்பேன். கேக்கவே இல்ல."

ஹோஸ்கி காபியைக் கீழே வைத்தார். "ஈடு கேக்கறியா?"

"கேக்கறேன்."

எல்லோரும் லூவெல்லாவைப் பார்த்தார்கள். அவள் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆளுகிட்ட சொல்லுங்க. நான் பண்ணது தப்பு. ஆனா பண்ணதுக்கு வருத்தம் இல்ல. பண்ணலேன்னா இந்தப் பொண்ணு இந்நேரம் வேலிக்கு வெளிய நின்னிருக்கும். ஈடு கேட்டா தர்றேன். லூவெல்லா எட்சிட்டி யாருக்கும் பாக்கி வச்சதில்ல."

"அது மன்னிப்பா, சவாலா?" என்று மிஸஸ் பெல்டன் மெதுவாகக் கேட்டார்.

"எங்க ஊர்ல ரெண்டும் ஒரே பாத்திரத்துலதாம்மா வேகும்" என்றார் ஹோஸ்கி.

பொழுது சாய்வதற்குள் பேசி முடித்தார்கள். ஷாண்டீன் பள்ளியிலேயே படிப்பாள். போலீசுக்குக் காகிதம் போகாது. உப்பிய தரையைப் பெயர்த்துப் புதுப் பலகை போடுவது ஹார்லனும் அவளும். கூட வேலை செய்ய ஆள் கேட்டபோது, கூடைப்பந்து அணியே கை தூக்கியது பின்னால் நடந்தது. வீடுகள் காய்ந்து கிடக்கும்வரை திடலுக்குத் தண்ணீர் கிடையாது. "புல்லு பட்டம் வாங்கப் போறதில்ல" என்றாள் லூவெல்லா. மேட்டு வீட்டுக்கு முதல் நடை, ஓட்டுவது அவளே. மறுநாள் ஓட்டினாள். சேற்றில் அச்சு வரை புதைந்தது. டயருக்குச் சங்கிலி போட்டு, அடியில் பலகை வைத்து, மண்ணைத் திட்டித் திட்டியே மேலே ஏறினாள்.

டெல்ரே கேட்ட ஈடு ஒன்றே ஒன்று: இனிமேல் ஹாரன் அடிக்காமல் அவள் எங்கேயும் வரக் கூடாது.

கேட்டதை மட்டும் கொடுப்பது கஞ்சன் வேலை. லூவெல்லா தன் பட்டியிலேயே கொழுத்த கிடாவை, கொம்பில் சிவப்பு நூல் சுற்றி, அவன் வீட்டு வாசலில் கட்டிவிட்டு, லாரியில் ஏறி, பள்ளத்தாக்கே எதிரொலிக்க ஹாரன் அடித்துக்கொண்டு போனாள்.

மாவட்ட அலுவலகம் சும்மா இருக்கவில்லை. விதிப்படி நடக்கவில்லை என்று ஆள் அனுப்பியது. வந்தவர், அடுத்த முறை இப்படி நடந்தால் விதிப்புத்தகம்தான் பேசும் என்று மிஸஸ் பெல்டனிடம் எச்சரித்தார். மிஸஸ் பெல்டன் அவரை ஹோகனுக்கு அழைத்துப் போய், வலமாகச் சுற்ற வைத்து, குலம் என்ன என்று கேட்டாராம். அவர் விழித்தாராம். போகிற போக்கில், பள்ளிக்கு அருகே சத்தம் கூடாது என்று சாலையோரத்தில் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்.

இப்போது வீடுகளுக்கு ஊற்றிய பிறகு பள்ளிக்குத் தண்ணீர் வருகிற நாளில், பாடம் நடக்கும்போதே தூரத்தில் ஹாரன் எழும். பன்னிரண்டாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஷாண்டீன் எழுந்து நடைவழியைப் பார்த்துக் கத்துவாள்: "அண்ணா, உங்க மாமியார்!" டெல்ரே சிரித்துக்கொண்டே தன் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிடுவான்.

லூவெல்லாவோ அந்தப் பலகைக்கு நேர் எதிரில் லாரியை நிறுத்துவாள். ஏற இறங்கப் பார்ப்பாள். "இதுக்கு மருமகன் கெடையாது போல" என்பாள். பிறகு இரண்டு கையையும் ஹாரன் மேல் வைத்து, உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்துவாள்.